நான்கு பாதைகளும் ஒரு கைக்கடிகாரமும்

பௌதிகப் பாடநூல்களில் “ஒரு ரயில் வண்டி ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டு...” என்று தொடங்கும் கணக்குகள் பல உண்டு. அந்த வண்டிக்கு ஊர் கிடையாது. அதில் ஏறி இறங்குவோரும் கிடையாது. விடையைக் கடைசிப் பக்கத்தில் சரிபார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அதே கணக்கை உண்மையான வண்டிகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை போட்டுக் காட்டும் இடம் ஒன்று உண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலுள்ள புறநகர் ரயில் பாதைதான் அது.

இந்தப் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அன்று அது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் இடைவெளி. மேல்கம்பியில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1960-களில் இது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றப்பட்டது. ஏன் இந்த மாற்றம்? ஒரே அளவு திறனை அனுப்ப, மின்னழுத்தம் ஏறத்தாழ 17 மடங்கு உயர்ந்தால் மின்னோட்டம் 17-இல் ஒரு பங்காகக் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் வீணாவது 280-இல் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். 2004இல் மீட்டர் பாதை மின்வண்டிகள் விடைபெற்றன. இன்று எங்கும் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே அருகருகே நான்கு பாதைகள் செல்கின்றன. இரண்டில் பெரும்பாலும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் புறநகர் வண்டிகள். மற்ற இரண்டில் எக்ஸ்பிரஸ் வண்டிகளும், சில நிலையங்களில் மட்டும் நிற்கும் விரைவு மின்வண்டிகளும்.

இரண்டு பாதைகள் நான்கானால் எத்தனை மடங்கு வண்டிகள் விடலாம்? இரு மடங்கு என்று உடனே சொல்லத் தோன்றும். அந்த விடையை இங்கே சோதித்துப் பார்ப்போம். வேண்டியவை வினாடி முள் உள்ள கைக்கடிகாரம், ஒரு குறிப்பேடு, ஒரு பிளாட்பாரம் டிக்கெட். நிற்கவேண்டிய இடம் பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு நன்கு பின்னால்.

முதலில் முடுக்கத்தை அளப்போம். நின்றிருக்கும் மின்வண்டியின் முன்முனைக்கு நேராக உள்ள தூண் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வண்டி அசையும் கணத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெட்டியின் பின்முனை தூணைக் கடக்கும்போது மறுபடி குறியுங்கள். ஒரு பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர். 12 பெட்டிகள் என்றால் 252 மீட்டர். அதாவது, ஓய்விலிருந்து புறப்பட்ட வண்டி 252 மீட்டர் ஓட எடுத்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அது 32 வினாடி என்று வைத்துக்கொள்வோம். தூரத்தின் இரு மடங்கை நேரத்தின் இருமடியால் வகுத்தால் முடுக்கம்: 504-ஐ 1024-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.5. வினாடிக்கு வினாடி அரை மீட்டர்.

இதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த வண்டி புறப்படும்போது மூன்றாவது பெட்டியின் பின்முனை தூணைக் கடக்கும் நேரத்தையும் குறியுங்கள். சீரான முடுக்கமாயின் அது 16 வினாடியாக இருக்கவேண்டும். மொத்த நேரத்தில் சரிபாதி! முதல் பாதி நேரத்தில் மூன்று பெட்டிகள், மறுபாதி நேரத்தில் ஒன்பது பெட்டிகள். சாய்தளத்தில் பந்தை உருட்டி கலிலியோ கண்ட விதி இதுதான்: நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. உங்கள் அளவு இதிலிருந்து சற்று விலகினால் கடிகாரத்தைக் குறை சொல்ல அவசரப்படவேண்டாம். வேகம் கூடக் கூட மோட்டார்கள் தரும் இழுவை குறையும். எனவே உண்மை வண்டி கடைசிச் சில பெட்டிகளைக் கொஞ்சம் தாமதமாகவே அனுப்பும். அந்த விலகலும் ஒரு அளவீடுதான்.

நிற்காமல் கடந்து செல்லும் வண்டியின் வேகத்தை அறிவது இன்னும் எளிது. பெட்டிகளை எண்ணி, ஒரு பெட்டியின் நீளத்தால் பெருக்கி, தூணைக் கடக்க ஆன நேரத்தால் வகுக்கவேண்டும். இக்கால எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பலவற்றின் பெட்டிகள் ஒவ்வொன்றும் சுமார் 24 மீட்டர் நீளமுடையவை. இருபது பெட்டிகள் 19 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர்.

இப்போது நிலையத்துக்கு நிலையம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள். ஆகவே 17 இடைவெளிகள். சராசரியாக ஓர் இடைவெளி 1700 மீட்டர். வண்டி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்ட 40 வினாடி ஆகிறது. அதற்குள் 400 மீட்டர் ஓடிவிடுகிறது. நிறுத்தும்போதும் அதே அளவு எதிர்முடுக்கம் என்று கொண்டால் இன்னொரு 40 வினாடி, இன்னொரு 400 மீட்டர். நடுவே மீதமுள்ள 900 மீட்டரைக் கடக்க 45 வினாடி. நிலையத்தில் நிற்கும் 30 வினாடியையும் சேர்த்தால் மொத்தம் 155 வினாடி.

வண்டியை இன்னும் விரட்டினால் என்ன? உச்ச வேகத்தை 20-லிருந்து 25 மீட்டராக உயர்த்துவோம். வேகம் ஏற 50 வினாடி, 625 மீட்டர். இறங்கவும் அவ்வாறே. நடுவில் எஞ்சுவது 450 மீட்டர். அதற்கு 18 வினாடி. நிற்கும் நேரத்தோடு 148 வினாடி. ஆதாயம் வெறும் ஏழு வினாடி! பதினேழு இடைவெளிகளுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். பயணிகளோடு வண்டியின் நிறை 600 டன் என்று கொள்வோம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 12 கோடி ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். எனவே இது சுமார் 33 யூனிட். ஒரு 75 வாட் மின்விசிறியைப் பதினெட்டு நாள் ஓயாமல் சுற்றவைக்கப் போதுமான ஆற்றல். 25 மீட்டர் வேகத்திலோ 52 யூனிட். ஒவ்வொரு நிலையத்துக்கும் இதைச் சேர்த்துச் சேர்த்து, பிறகு பிரேக்கில் வெப்பமாக ஊதிவிடுகிறோம். புதிய வகை மின்வண்டிகளில் நிறுத்தும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஒரு பகுதியை மேல்கம்பிக்குத் திருப்பித் தருகிறது. ஆனாலும் பல நிலையங்களில் நிற்கும் வண்டிக்கு உச்ச வேகம் பெரிதாக உதவாது என்பது மாறவில்லை. அவ்வண்டியின் பயண நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் வாசலில் நெரிசல் குறைந்து, ஏறி இறங்கும் நேரம் ஐந்தாறு வினாடி சுருங்கினாலே போதும். ஏறத்தாழ அதே பலன்.

ஆக, நின்று நின்று போகும் வண்டி 29 கிலோமீட்டரைக் கடக்க, நமது கணக்குப்படி 17 பெருக்கல் 155 வினாடி, அதாவது 44 நிமிடம். கால அட்டவணை இதைவிடக் கூடுதலாக, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். வளைவுகளில் வேகக் குறைப்பு, சிக்னலுக்குக் காத்திருத்தல், தாமதத்தை ஈடுகட்ட வைத்திருக்கும் உபரி நிமிடங்கள் ஆகியவை நம் கணக்கில் இல்லை. எக்ஸ்பிரஸ் வண்டி அதே 20 மீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடினால் 24 நிமிடத்தில் கடந்துவிடும். இந்த 20 நிமிட வேறுபாட்டில்தான் நம் கேள்வியின் விடை இருக்கிறது.

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் நேரம், நிலையச்சில் கடற்கரையிலிருந்து தூரம். ஒவ்வொரு வண்டியும் ஒரு கோடு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும். மெதுவான வண்டியின் கோடு சரிந்து கிடக்கும். நிற்கும் நேரத்தில் சிறிய படிக்கட்டு. ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளில் வண்டிகளின் போக்கைக் காண இப்படித்தான் வரைவார்கள். ஒரே திசையில் ஒரே பாதையில் செல்லும் இரு வண்டிகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், முன்னதன் மேல் பின்னது ஏறிவிட்டது என்று பொருள்.

இரு வண்டிகளுக்கிடையே பாதுகாப்பான இடைவெளி 4 நிமிடம் என்று கொள்வோம். எல்லாம் நின்று செல்லும் வண்டிகளானால், கோடுகள் இணையாகப் போகும். மணிக்கு 15 வண்டிகள் விடலாம். எல்லாம் எக்ஸ்பிரஸ் ஆனாலும் 15 தான். இரண்டையும் ஒரே பாதையில் மாற்றி மாற்றி விட்டால்? நின்று செல்லும் வண்டி புறப்பட்டபின், எக்ஸ்பிரஸ் உடனே கிளம்ப முடியாது. தாம்பரத்துக்குள் முன்னதை எட்டிப் பிடித்துவிடும். அந்த 20 நிமிட வேறுபாட்டையும் 4 நிமிட இடைவெளியையும் சேர்த்து 24 நிமிடம் காத்திருக்கவேண்டும். எக்ஸ்பிரஸ் போனபின் அடுத்த புறநகர் வண்டி 4 நிமிடத்தில் கிளம்பலாம். ஆக 28 நிமிடத்துக்கு இரண்டு வண்டிகள். மணிக்கு நான்குக்குச் சற்று மேல்!

இரண்டையும் தனித்தனிப் பாதைகளில் பிரித்துவிட்டால் ஒன்றில் 15, மற்றொன்றில் 15, மொத்தம் 30. பாதை இரு மடங்கு. வண்டிகளோ ஏழு மடங்கு. நடைமுறையில் இவ்வளவு பெரிய தாவல் வராது. ஒற்றைப் பாதையிலேயே நடுவழி நிலையத்தில் புறநகர் வண்டியை ஓரப் பாதையில் ஒதுக்கி நிறுத்தி, எக்ஸ்பிரஸை முன்னே விடுவது வழக்கம். ஒதுங்கி நிற்கும் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் கணக்கின் சாரம் உறுதியானது. வேறு வேறு சரிவுள்ள கோடுகளைப் பிரித்து வைப்பதே புதிய பாதை தரும் பெரிய பயன்; கூடுதல் இடம் தருவது அதற்கு அடுத்தபடிதான்.

பிரிப்பு பாதை முழுதும் இருக்கவேண்டும் என்பதும் வரைபடத்தில் தெரியும். எழும்பூர் வரை நான்காக வந்த பாதைகள் கடற்கரைக்குச் செல்லும் கடைசி நாலு கிலோமீட்டரில் மூன்றாகச் சுருங்கியிருந்தன. அங்கே நான்காவது பாதை போடுவதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயில் சேவை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டு, 2024 அக்டோபரில் மீண்டும் கடற்கரை வரை விடப்பட்டது. புனலின் வாய் எவ்வளவு அகலமாயினும் நீர் இறங்குவது அதன் தண்டின் அளவில்தானே!

அந்த 4 நிமிட இடைவெளியைக் காப்பது யார்? பெரும்பாலும் தண்டவாளமே. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரு தண்டவாளங்களிலும் சிறிய மின்னோட்டம் ஒன்றை ஓடவிடுவார்கள். அது மறுமுனையில் உள்ள ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும், சிக்னல் பச்சை. வண்டி வந்தவுடன் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துக் குறுக்குச்சுற்று உண்டாக்கும். ரிலே விழும், சிக்னல் சிவப்பு. வண்டி நகர நகர அதன் பின்னால் சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று வரிசையாக மாறும். கம்பி அறுந்தாலோ மின்சாரம் நின்றாலோகூட ரிலே விழுந்து சிவப்பே எரியும்! பழுது எப்போதும் பாதுகாப்பான பக்கமே சாயும்படி அமைந்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது பல இடங்களில் தண்டவாளச் சுற்றுக்குப் பதிலாக, சக்கரங்களை எண்ணும் கருவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

வண்டியை வண்டியிடமிருந்து காக்கும் இந்தச் சுற்று, பாதையில் இறங்கி நடக்கும் மனிதனைக் காக்காது. சக்கரம் போல அவன் காலால் தண்டவாளங்களை இணைக்க முடியாது. அவனுக்காகச் சிவப்பு எரியாது. நான்கு பாதை ஆனபின் இந்த ஆபத்து முன்னைவிடக் கூடியிருக்கிறது. பிரித்துவிட்ட வேகப் பாதையில் வண்டி உங்கள் நிலையத்துக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. பாதையில் இறங்குவது சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே இறங்குகிறார்கள், பள்ளிப் பையோடும் இறங்குகிறார்கள். “வண்டி தூரத்தில்தான் வருகிறது, பார்த்துவிட்டுத்தான் போகிறேன்” என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தப் பார்வையை நம்பலாமா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

பாதைக்குப் பாதை மையத் தூரம் சுமார் 5 மீட்டர். நான்கையும் கடக்க 20 மீட்டர். சரளைக் கல்லில் தடுமாறாமல் வினாடிக்கு 1.2 மீட்டர் நடந்தாலும் 17 வினாடி ஆகும். அதற்குள் 90 கிலோமீட்டர் வேக வண்டி 425 மீட்டர் வந்துவிடும்.

மின்வண்டியின் முகப்பு 3.66 மீட்டர் அகலம். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. 500 மீட்டரில் 0.4 பாகை, 250 மீட்டரில் 0.8, 125 மீட்டரில் 1.7. முழுநிலாவின் அகலம் அரைப் பாகை. ஆகவே 420 மீட்டர் தொலைவில் வரும் வண்டியின் முகப்பு நிலாவின் அகலமே இருக்கும். நீட்டிய கையின் சுண்டு விரலால் அதை முழுதும் மறைத்துவிடலாம். இனி நேரத்தைப் பாருங்கள். கோணம் 0.2-லிருந்து 0.4 ஆக 20 வினாடி, 0.4-லிருந்து 0.8 ஆக 10 வினாடி, அடுத்த இரட்டிப்புக்கு 5, அதற்கடுத்ததற்கு இரண்டரை. முதல் இருபது வினாடியும் கண்ணுக்கு ஒரு புள்ளி சற்றே பருத்தது போலத்தான் தோன்றும். ‘மெதுவாகத்தான் வருகிறது’ என்று மூளை தீர்மானிப்பது அப்போதுதான். வேகம் தெரியவரும்போது கையில் இருப்பது சில வினாடிகளே.

ஓட்டுநர் நிறுத்தமாட்டாரா? வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர் எதிர்முடுக்கம் கிடைத்தாலும் 25 மீட்டர் வேகத்திலிருந்து நிற்க 390 மீட்டர் வேண்டும். அவர் கண்டு கைப்பிடியைத் திருப்ப ஆகும் இரண்டு வினாடியில் இன்னொரு 50 மீட்டர் போய்விடும். மொத்தம் 440. வண்டியின் முகப்பு நிலா அளவுக்குத் தெரியும்போதே அது உங்களுக்கு முன்னால் நிற்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. நீண்ட எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பிரேக் பிடிப்பு இதைவிட மென்மையானது, 0.5 என்று கொண்டால் 625 மீட்டர்.

ஒலியை நம்பலாம் என்றால் அதுவும் கை கொடுப்பதில்லை. நெருங்கும் வண்டியின் ஊதல் சுருதி டாப்ளர் விளைவால் உயர்ந்து கேட்கும் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் நேராக நம்மை நோக்கி வரும்வரை அந்த உயர்ந்த சுருதி மாறாமல் ஒரே நிலையில் நிற்கும். நம்மைக் கடக்கும் கணத்தில்தான் சடாரென்று இறங்கும். எச்சரிக்கை வரும்போது வண்டி போய்விட்டது. அதோடு, பக்கத்துப் பாதையில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அதன் இரைச்சலில் மற்றதன் ஊதல் அமுங்கிப் போகும்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது மறைவு. ஒரு வண்டி போகட்டும் என்று காத்திருந்து, அதன் கடைசிப் பெட்டி கடந்ததும் காலை வைப்பவர்களை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கப் பாதையில் ஓடுகின்றன. பாதையை நோக்கி நிற்கும் ஒருவருக்கு, அருகிலுள்ள பாதையின் வண்டி வழக்கமாக வலமிருந்து இடமாகப் போகும். எதிர்த்திசையில் ஓடும் அடுத்த பாதையின் வண்டி இடப்பக்கமிருந்து வரும். போய்க்கொண்டிருக்கும் வண்டி அந்த இடப்பக்கத்தைத்தான் மறைத்துக்கொண்டிருக்கிறது.

வரைபடத் தாளில் அளவுப்படி வரையுங்கள். ஆள் நிற்பது முதல் பாதையின் மையத்திலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி. வண்டியின் பாதி அகலம் 1.8 மீட்டர். போன வண்டியின் பின்முனை 30 மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். ஆளிடமிருந்து அந்தப் பின்முனையின் அப்பக்க மூலையைத் தொட்டுச் செல்லும் பார்வைக் கோட்டை நீட்டுங்கள். அடுத்த பாதையில் வரும் வண்டியின் மூலை அந்தக் கோட்டுக்கு வெளியே எப்போது தலை காட்டுகிறது? சுமார் 65 மீட்டரில்! அதற்கு அப்பால் இருப்பது எதுவும் தெரியாது. 65 மீட்டரைக் கடக்க வேக வண்டிக்கு 2.6 வினாடி போதும். நடப்பவர் அடுத்த பாதைக்குப் போய்ச் சேர 4 வினாடிக்கு மேல் ஆகும்.

பாதைகளை இன்னும் தள்ளிப் போட்டால் பார்வை தெளியுமே என்று சிலர் கேட்கக்கூடும். மையத் தூரத்தை 5-லிருந்து 6 மீட்டராக்கி அதே படத்தை மறுபடி வரையுங்கள். 65 மீட்டர் 72 மீட்டராகும். கூடுதலாகக் கிடைப்பது வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூடிய அந்த ஒரு மீட்டரை நடந்து கடக்கவோ முக்கால் வினாடிக்கு மேல் வேண்டும்.